தோல் போர்த்திய குட்டி

பகல் பன்னிரண்டரைக்கு வெள்ளைத்தாய் ஆடுகளை வனத்தின் ஓரத்தில் நிறுத்தினாள்.

வேறெங்கும் நிழல் இல்லை. விளாத்திகுளம் சாலைவரை வெடித்த கறுப்பு மண். நடுவில் அந்த வனம் மட்டும், உசிலை மரமும் விடத்தலை முள்ளும் பின்னிக்கொண்டு, எந்தக் கோடையிலும் பச்சையாக நின்றது. உள்ளே இருப்பவர்களுக்குப் பெயர் கிடையாது. ஊரில் ‘அவிய’ என்பார்கள். வனத்தின் பார்வை படும் இடத்தில் யாரும் அடுப்பு மூட்டுவதில்லை, பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதில்லை. நாம் செய்வதைப் பார்த்தால் அவிய படித்துக்கொள்வார்கள்.

வெள்ளைத்தாய்க்கு அது தெரியும். ஆனால் கருப்பாடு செத்த குட்டி போட்டிருந்தது. காலையில் தாயை இழந்த இன்னொரு குட்டி, பால் இல்லாமல் தலை சாய்த்துக்கொண்டிருந்தது. வீடுவரை தாங்காது.

செத்த குட்டியின் தோலை உரித்தாள். உயிரோடிருந்த குட்டிக்கு அதைப் போர்த்தி, வயிற்றுக்கடியில் சணலால் இரண்டு கட்டுப் போட்டாள்.

“ஏம்மா அதுக்குச் சட்டை போடுத?” மகள் பிரித்திகா கேட்டாள். எட்டு வயது. பள்ளி விடுமுறை.

“மோந்து பாத்துட்டுத்தான் பால் விடும். தன் பிள்ளைன்னு நம்பணும்லாட்டி.”

“ஆடு என்ன லூசாம்மா?”

“மடியில பால் கட்டிருச்சுல்லா. வலி தாங்காது. அதான் நம்பிக்கிடும்.”

கருப்பாடு முகர்ந்தது. மறுபடியும் முகர்ந்தது. பிறகு காலை அகட்டி நின்றது.

வனத்துக்குள் பறவைச் சத்தம் நின்றுபோயிருந்தது.

வெள்ளைத்தாய் திரும்பினாள்.

பிரித்திகா இல்லை. முள்ளோரம் ஒற்றைச் செருப்பு கிடந்தது.

சேதி கேட்டுக் கணவன் செண்பகராஜ் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து பைக்கில் வந்தான். கூட வந்தவர்கள் செருப்புக் கிடந்த இடத்தோடு நின்றுகொண்டார்கள்.

“அண்ணாச்சி, உள்ள போவாதிய,” என்றான் பக்கத்து வீட்டுச் சோலைச்சாமி. “போனவுக யாரு திரும்புனா?”

“ஒம் பிள்ளையா இருந்தா நிப்பியாலே?”

புருஷனும் பெண்டாட்டியும் உள்ளே போனார்கள். முள் கிழித்தது. கூப்பிட்ட பெயர் மரங்களுக்குள் போய்த் திரும்பவில்லை. மண்ணில் கால்தடம் இல்லை. காற்றில் பச்சைப் பால் வாடை மட்டும் இருந்தது. வெள்ளைத்தாய் ஒவ்வொரு மரத்தடியிலும் விழுந்து கும்பிட்டாள். ஆட்டையெல்லாம் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். தன்னையும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

பொழுது சாயும்போது வெறுங்கையோடு வெளியே வந்தார்கள்.

பின்னாலேயே பிரித்திகா வந்தாள்.

மஞ்சள் கவுன். ஒரு காலில் மட்டும் செருப்பு. செண்பகராஜ் மண்டியிட்டு அழுதான். “வந்துட்டா வெள்ளை. எந்தங்கம் வந்துட்டா.”

பிள்ளை அவனைத் தாண்டி வெள்ளைத்தாயிடம் வந்தது. அவள் வாரி அணைத்து உச்சியை முகர்ந்தாள். தேங்காயெண்ணெய். வியர்வை. காலையில் தின்ற கடலைமிட்டாய். எல்லாம் அவள் பிள்ளையின் வாசனை.

மறுபடியும் முகர்ந்தாள்.

அடியில் மட்கிய இலையின் வாடை இருந்தது.

“எங்கட்டி போன? பேசுட்டி.”

பிள்ளை அவள் நெஞ்சில் முகத்தை அழுத்திக்கொண்டது. வெள்ளைத்தாயின் கை அதன் முதுகைத் தடவி, வயிற்றுப் பக்கம் வந்தது. அங்கே நின்றது.

கவுனுக்கு மேல் ஈரக் கொடி சுற்றியிருந்தது. வயிற்றுக்கடியில் இரண்டு கட்டு.

அவள் கட்டியதைப் போலவே.

தள்ளிவிட வேண்டும் என்று நினைத்தாள். கைகள் இறுகத்தான் செய்தன. பகல் முழுவதும் வலித்த வலி.

ஆடுகள் எல்லாம் சாலைப் பக்கம் ஒதுங்கி நின்றன. கருப்பாடு மட்டும் வனத்தைப் பார்த்துக் காதை நிமிர்த்தியது.

மரங்களுக்குள்ளிருந்து, வெகு தொலைவில், சன்னமாக ஒரு குரல் வந்தது.

“யம்மா, குளுருதும்மா. என் கவுனத் தரச் சொல்லும்மா.”