பதினாறடி இழுவீடு

இழுவீட்டில் கோகிலவாணிக்குச் சன்னல் இல்லை.

மொத்தம் பதினாறடி நீளம். அதில் ஒன்பதடியைச் சமையல் மேடையே விழுங்கியிருந்தது. அடுப்பை ஒட்டி ஒரு மடக்குப் பலகை. அவளுக்குப் படுக்கை, இருக்கை எல்லாம் அதுதான். கணவன் சம்பத்துக்குச் சன்னலோரம் கால் நீட்டிக்கொள்ளும் சாய்விருக்கை. மகளுக்கு மேலே தனிக் கட்டில்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டிய பட்டறைகள் எல்லாம் இப்போது, ஓட்டுநரோடு வரும் வண்டியின் பின்னால் பூட்டிப் போகும் சுற்றுலா இழுவீடு கட்டுகின்றன. எத்தனை அடி வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஆளுக்கொரு அளவிப் பொத்தானைப் பெயர் பதிந்து கொடுக்கிறார்கள். முப்பது நாள் உடையில் குத்திக்கொண்டால் போதும். எங்கே நிற்கிறோம், எங்கே உட்காருகிறோம், எவ்வளவு தூங்குகிறோம் என்று பார்த்து, ஓரங்குலமும் வீணாகாத வண்டியை அது வரைந்துவிடும். இருக்கைகள் முகம் பார்த்து ஆளை அறியும். அவரவர் இடத்தில் அவரவர் அமர்ந்தால்தான் வண்டி நகரும். பாதுகாப்பாம்!

"அளவு சரியாத்தான் இருக்கு," என்றான் சம்பத், சாய்விருக்கையில் சாய்ந்து பார்த்துவிட்டு.

கோகிலவாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் சன்னலோரம் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்றுதான் இந்தப் பயணத்தையே கேட்டாள். பட்டறைக்காரர் வையாபுரி அறிக்கையை நீட்டினார். முப்பது நாளில் அவள் சன்னலோரம் இருந்தது பதினொரு நிமிடம். நோட்டு திருத்தியதுகூட அடுப்பு மேடையில், நின்றபடி.

"அளவி பொய் சொல்லாதுங்கம்மா."

"பொய்யின்னு நான் சொல்லலீங்க. நான் படற பாட்டையே வண்டியாக் கட்டிக் கொண்டாந்து நிறுத்தியிருக்கீங்க. அதுலயே ஏறி நான் ஊர் சுத்தோணுமாக்கும்?"

அவர் தலையைச் சொறிந்தார். ஒரே ஒரு மறு அளவை உண்டு, அதன்பின் ஓராண்டுக்கு எதையும் மாற்ற முடியாது என்றார்.

இந்த முப்பது நாளாவது நீங்கள் சமையுங்கள் என்று சம்பத்திடம் கேட்டுப் பார்த்தாள். ஒரு இயந்திரத்துக்காக வேஷம் போட முடியாது என்று சொல்லிவிட்டான் அந்த நியாயஸ்தன். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. தினமும் அவன் சட்டையைத் தேய்த்து, பொத்தானைக் குத்திக் கையில் கொடுப்பவள் அவள்தான். அதில் யார் பெயர் இருக்கிறது என்று அவன் ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை.

மறு அளவை முடிந்து வந்த புது வண்டியும் பதினாறடிதான். அதே மேடை, அதே பலகை, அதே சாய்விருக்கை. கோகிலவாணி சாய்விருக்கையில் அமர்ந்தாள். பச்சை விளக்கு எரிந்தது. சம்பத்தின் பெயர் அடுப்போரப் பலகையில் மின்னியது. உட்கார்ந்து பார்த்தான். முழங்கால் மேடையில் இடித்தது.

"இதுல மனுசன் எப்படிப் போறது? இது அநியாயம்!" என்று வையாபுரியிடம் எகிறினான். ஓராண்டுக்கு ஒன்றும் செய்ய முடியாதென்று அவர் கையை விரித்தார்.

கோகிலவாணி சன்னலைத் திறந்து வைத்தாள்.

"அளவு சரியாத்தான் இருக்குதுங்க," என்றாள். "உட்காருங்க, வண்டி நகரட்டும்."