அரைவயிற்று ஆராய்ச்சி

ஒட்டரிசிச் சோற்றில் ருசியே இல்லை. தேங்காய்ப்பால் மணம் மூக்கில் ஏறியது, வெல்லப்பாகு விரலில் பிசுபிசுத்தது, ஆனால் வாய்க்குள் போனதும் ஈரப் பஞ்சை மென்றதுபோல் இருந்தது. டாக்டர் எஃப்ரேனுக்கு அன்று மதியச் சாப்பாடு தவறிவிட்டது. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். பறப்பதற்கு அவரிடம் ஏதாவது இருந்ததா என்பது வேறு கதை. தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளி மாக்ஸிமோவின் கட்டிலடியில் இருந்த படையல் தட்டை, கிருமி வரும் என்று அதட்டித் தூக்கிவந்து, தன் அறையில் உட்கார்ந்து அவரே தின்றுகொண்டிருந்தார்.

மாக்ஸிமோவின் மனைவி லெவிட்டா கதவருகே வந்து நின்றாள்.

"டாக்டர், அது எங்க வீட்டுல செத்துப்போனவங்களுக்கு வச்சது. அவங்களச் சாப்பிட வாங்கன்னு இன்னும் கூப்பிடக்கூட இல்ல."

"செத்தவனுக்கு ஏதும்மா பசி? உடம்பு சோத்தை எரிச்சாத்தான் பசி. பொணம் எதை எரிக்கும்?"

"அப்ப உசுரோட இருக்கறவருக்காவது முழுசா ஊத்துங்க. குழாயில பாதிக் கஞ்சிதான் போகுது. எலும்பும் தோலுமா ஆயிட்டாரு."

"பாதி குடுத்தாப் பொழைப்பாங்களா, முழுசு குடுத்தாப் பொழைப்பாங்களான்னு பாக்கறதுதான் ஆராய்ச்சி. ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

அவள் காலித் தட்டைப் பார்த்தாள். "செத்தவங்க பசியோட வந்து என் புருஷன்கிட்ட நின்னாங்க. சாப்பிட்டுட்டு அவர விட்டுருவாங்கன்னு வச்சேன். இனி யார்கிட்டப் போய் நிப்பாங்க?"

"என்கிட்ட வந்து நிக்கச் சொல்லுங்க!" என்று எஃப்ரேன் விரலை நக்கிக்கொண்டே சிரித்தார். இந்த ஊர் ஜனங்களுக்குப் புகையிலை நடத்தான் தெரியும், மூளை கிடையாது என்பது அவருடைய முடிவு.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கேன்டீனில் நூடுல்ஸ் சாப்பிட்டார், ரொட்டி சாப்பிட்டார், பிறகு வாழைப்பழம். எதிலும் ருசி இல்லை, பசியும் அடங்கவில்லை. எழுந்தபோது பெல்ட் இடுப்பிலிருந்து நழுவியது.

நர்ஸ் டியோனி ஓடிவந்தாள். "டாக்டர், மாக்ஸிமோ கண்ணத் திறந்துட்டாரு! தண்ணி கேக்கறாரு. காய்ச்சலும் இல்ல. மெஷின்ல பாத்தா, உடம்பு எரிக்கறது ஒரேயடியாப் பாதியாக் கொறஞ்சிருக்கு."

"ஒரு சாயங்காலத்துல எப்படிக் கொறையும்? மெஷின் கெட்டுப்போச்சு. உனக்கு அதைப் பொருத்தத் தெரியல."

மூச்சை அளந்து, உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்று காட்டும் கருவி அது. சந்தேகம் வந்தால், திடமான ஒருவரைப் படுக்கவைத்துச் சோதிப்பது வழக்கம். எஃப்ரேன் டியோனியை வெளியே அனுப்பிவிட்டு, கருவியைப் பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டுபோய், அங்கிருந்த காலிக் கட்டிலில் தானே படுத்தார். கருவியின் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் கூண்டைத் தலைமேல் கவிழ்த்து, ஓரத் துணியைக் கழுத்தைச் சுற்றிச் செருகிக்கொண்டார். ஜன்னலில் மழை அடித்தது, கருவி மெல்ல உறுமியது, கூண்டுக்குள் பழைய சுருட்டு நாற்றமும் மக்கிய மண் வாடையும் எங்கிருந்தோ கசிந்தன.

திரையில் எண் ஏறியது. ஒரு மனிதனின் கணக்கு. இரண்டு பேரின் கணக்கு. நிற்கவில்லை.

"கெட்டுத்தான் போச்சு," என்று முனகினார். கூண்டைத் தள்ளக் கை தூக்கினார். கை எழவில்லை. முழங்கைக்குக் கீழே சதை வற்றித் தோல் தொங்கியது.

வாய்க்கு நேரே, பிளாஸ்டிக்கின் உட்புறத்தில், அவர் மூச்சு பனியாகப் படிந்தது.

இடது காதருகே இன்னொரு பனிவட்டம்.

வலது பக்கம் ஒன்று. நெற்றிக்கு மேல் இரண்டு.

எஃப்ரேன் மூச்சை அடக்கிக்கொண்டார்.

அவருடைய வட்டம் மங்கி மறைந்தது. மற்றவை விரிந்தன, சுருங்கின, விரிந்தன.