கதவோரம் ஒரு சொந்தக்காரி

முகூர்த்த மாதங்களில் சந்திப்பகத்தில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும் முதல் பத்திரிகையை இறந்துபோன தாத்தாவுக்கு வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு என்பது எல்லா வீட்டிலும் வழக்கமாகிவிட்டது. நாக்கில் ஒரு சொட்டு உடனி, நெற்றியில் ஒரு பட்டை, நாற்பது நிமிடம். எதிர் நாற்காலியில் தாத்தா வந்து உட்காருவார். பத்திரிகையை வாங்கிக்கொண்டு கண்ணாடியைத் தேடுவார், மண்டபம் இவ்வளவு தூரமா என்று சலித்துக்கொள்வார். செத்த பிறகும் சாம்பாரில் குறை கண்டுபிடிக்கும் மாமியார்களும் உண்டு.

நிறைமதிக்கு இடம் தேடும் தொல்லை இல்லை. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிறு, மாலை நான்கு மணி, மதுரைச் சந்திப்பகத்தில் அவளுக்கு நிரந்தர இடம். அவள் மகள் யாழி எட்டு வயதில் மூளைக் காய்ச்சலில் போனவள். அதற்கப்புறம் ஆறு வருடமாக எட்டு வயதிலேயே இருக்கிறாள். நாற்பது நிமிடமும் இருவரும் பாம்புக் கட்டம் ஆடுவார்கள். யாழி கள்ளாட்டம் ஆடுவாள், நிறைமதி பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பாள். அந்த ஒரு ஆட்டத்தை நம்பித்தான் மாதத்தின் மற்ற நாட்களை அவள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அவள் வரலாறு எழுதுகிறவள். உடனியைத் தயாரிக்கும் அகமலர் நிறுவனம் முப்பதாவது ஆண்டு மலரை எழுதும் வேலையை அவளிடம் ஒப்படைத்திருந்தது.

வரலாறு சுவையானதுதான். பெரியகுளத்துக்கு மேலே மலையில், மழைக்குப் பிறகு விழுந்த தைல மரங்களில் சாம்பல் நிறக் காளான் ஒன்று முளைக்கும். தெரியாமல் அதைத் தின்ற மரம் வெட்டிகள் ஒரு பகல் முழுக்கச் செத்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள், பிறகு ஒரு வாரம் தூக்கமில்லாமல் கிடந்தார்கள். அதன் சாரத்தைப் பிரித்தெடுத்ததுதான் உடனி. முதலில் அதைச் சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு இறந்தவர்கள் சிதையில் கிடந்த முகத்தோடு வந்தார்கள். அலறிக்கொண்டு தெருவில் ஓடியவர்கள் உண்டு. பேய்ச்சொட்டு என்று பேர் வைத்து அரசாங்கம் தடை போட்டது.

அந்தத் தடையை நீக்க வைத்தது தணிப்பி என்ற நெற்றிப்பட்டைதான். அமைதியான ஒரு மனிதரின் மூளையலையைப் பதிவு செய்து, மருந்து வேலை செய்யும்போது அதை நம் மூளைக்குள் ஓடவிடுவார்கள். அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினால் நம் மூச்சோடு அதன் மூச்சும் சேர்ந்து இறங்குகிறதல்லவா, அதே வித்தைதான். பயம் போய்விடும், முகங்கள் நல்லபடியாக வரும். அது யாருடைய அமைதி என்று தேடினால் ஆவணங்களில் ‘தன்னார்வலர் ஒன்பது’ என்று மட்டும் இருந்தது.

மலருக்காக நிறைமதி பழைய பயனர்கள் அறுபது பேரைப் பார்த்தாள். தூத்துக்குடியில் மீன் வலை பின்னும் ஒரு பெண்மணி புருஷனைச் சந்தித்த கதையைச் சொல்லிவிட்டுக் கடைசியில் சொன்னாள்: “கதவுப் பக்கத்துல அந்த அக்காவும் நின்னுக்கிட்டு இருந்தாவ. ஊதாச் சேல, கையில மூடி வச்ச எவர்சில்வர் டம்ளர்.”

“யாரு அவங்க?”

“எங்க வீட்டுக்காரரு வழியில யாரோ சொந்தம்.”

மறுவாரம் திருச்சியில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் அதே ஊதாச் சேலையையும் அதே டம்ளரையும் சொன்னார். அவருக்கு அது மனைவி வழிச் சொந்தம். நிறைமதியின் கை எழுதுவதை நிறுத்திவிட்டது.

“நீங்க அவங்க யாருன்னு கேக்கலையா, ஐயா?”

நீதிபதிக்கே கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. “வந்து நிக்கிறவங்களைப் பார்த்து நீ யாருன்னு எப்படிம்மா கேக்கறது? மனசு சங்கடப்படாதா?”

நம் ஆட்களின் பலவீனம் இது. கல்யாண வீட்டில் யாரோ கன்னத்தைக் கிள்ளி ‘என்னைத் தெரியுதா’ என்பார்கள். ‘தெரியாம இருக்குமா’ என்று பல்லைக் காட்டிவிட்டு, யாரென்று தெரியாமலே அவர்களோடு பந்தியில் உட்காருவோம். முப்பது வருடமாக இரண்டு கோடிப் பேர் அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கிறார்கள். ஆளுக்கொரு உறவு முறையை அவள்மேல் போட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறார்கள். ஒருவர்கூட நிறுவனத்திடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, சொந்தக்காரிதானே?

அன்று பேருந்தில் திரும்பும்போதுதான் நிறைமதிக்கு அது நினைவுக்கு வந்தது. யாழியின் பின்னால், கதவோரம், ஊதாச் சேலை. கணவனின் செத்துப்போன போடிச் சித்தி என்றல்லவா ஆறு வருடமாக அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்!

அடுத்த இரண்டாவது ஞாயிறு, நான்கு மணி. யாழி பகடையை உருட்டினாள். நிறைமதி ஆட்டத்தை விட்டுக் கதவுப் பக்கம் தலையை நிமிர்த்தினாள்.

“நீங்க யாருங்க?”

அந்தப் பெண் திடுக்கிட்டாள். நாற்பத்தைந்து, ஐம்பது வயதிருக்கும். இத்தனை காலம் யாரும் கூப்பிடாத ஆளைக் கூப்பிட்டதுபோல் இருந்தது அவள் பார்வை.

“என்னையவா கேட்டீங்க?” என்றாள். “எம் மகனுக்காக நிக்கிறேங்க. நாலு மணிக்கு வாரேன்னு சொன்னான். இன்னும் காணோம். அவனுக்குன்னு வச்ச காப்பியும் ஆறிப்போச்சு.”

யாழி பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “அம்மா, அவங்க எப்பவும் இங்கதான் இருப்பாங்க. நீ போனப்புறமும் இருப்பாங்க. உன் ஆட்டம்மா.”

பகடையை நிறைமதியால் எடுக்க முடியவில்லை.

தணிப்பியைச் செய்த டாக்டர் ஜெயசீலி கொடைக்கானலில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். எண்பத்தொரு வயது. ஊதாச் சேலை என்றதுமே கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டார்.

“அவதான் தன்னார்வலர் ஒன்பது. பேரு பாண்டீஸ்வரி. எங்க ஆஸ்பத்திரியில ஆயாவா இருந்தா. அன்னைக்குச் சோதனைக்கு வர வேண்டிய ஒரு ஆள் வரல. ரெண்டு மணி நேர வேலைதான், படுத்துக்கோன்னு நான்தான் சொன்னேன். அவளுக்கு இதயத்துல கோளாறு இருந்தது எங்களுக்குத் தெரியாது. பாதியில நின்னு போச்சு.”

“பதிவு?”

“ஓடிக்கிட்டு இருந்தது.” டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “சாகிற மூளையில பயம் வத்திப் போயிடுதும்மா. கடைசி நாலு நிமிஷம் அப்படி ஒரு அமைதி. அதைத்தான் இழுத்து இழுத்து நாப்பது நிமிஷமாக்கினோம். அப்புறம் சாமியார்கள், கைக்குழந்தைகள், எத்தனையோ பேரைப் பதிவு பண்ணிப் பாத்தோம். உடனிக்கு முன்னால யாரோட அமைதியும் நிக்கல.”

“வெறும் அலைதானே டாக்டர்? அதுல முகம் எப்படி வரும்? மகனுக்குன்னு வச்ச காப்பி ஆறிப்போச்சுன்னு சொல்றாங்க.”

டாக்டரின் முகம் வெளுத்தது. “சோதனைக்கு முன்னால எல்லாருக்கும் காப்பி குடுத்தோம்,” என்றார். “அவ குடிக்கல. மகன் கூட்டிட்டுப் போக வருவான், அவனுக்குன்னு மூடி வச்சா. இத நான் எங்கயும் எழுதல. யார்கிட்டயும் சொன்னதும் இல்ல.”

சட்டம் தெளிவானது. இறந்தவரின் மூளைப்பதிவை வாரிசின் சம்மதம் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. வாரிசு ஒரு மறுப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும், எல்லாப் பட்டைகளிலிருந்தும் அந்தப் பதிவை அழித்தாக வேண்டும். அழித்துவிட்டால் யாழி வர மாட்டாள். அல்லது வருவாள், ஆஸ்பத்திரியில் கடைசி நாளில் இருந்த முகத்தோடு. அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்கும் தெம்பு நிறைமதிக்கு இல்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். பத்து நாள் அப்படித்தான் இருந்தாள். ஆனால் நீ யார் என்று ஒருத்தியைக் கேட்டாகிவிட்டது. அவளும் பதில் சொல்லிவிட்டாள். இனி ஒவ்வொரு மாதமும் அவள் கண்ணில் விழாமல் எப்படிப் பாம்புக் கட்டம் ஆடுவது? நிறைமதி மறுப்புப் படிவத்தைப் பையில் போட்டுக்கொண்டு வத்தலக்குண்டுக்கு வண்டி ஏறினாள்.

பாண்டீஸ்வரியின் மகன் யுகன் அங்கே மின்பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். நாற்பத்தேழு வயது, முன்தலை நரைத்த கனத்த ஆள். அவள் சொல்லி முடிக்கும்வரை கையிலிருந்த எண்ணெய்த் துணியை முறுக்கிக்கொண்டே இருந்தான்.

“நான் அந்தக் கருமத்தத் தொட்டதே இல்லங்க,” என்றான். “மாரடைப்புன்னுதான் சொன்னாங்க. ஆனா அன்னைக்கு அந்த ஆஸ்பத்திரியில அந்த மருந்துச் சோதனை ஓடுச்சுன்னு எனக்குத் தெரியும்.”

“நாலு மணிக்கு வரேன்னு சொல்லியிருந்தீங்களாம்.”

அவன் துணியைக் கீழே போட்டான். “யாரு சொன்னது?”

“அவங்கதான்.”

பணிமனையில் எங்கோ சங்கு ஊதியது.

“பதினேழு வயசு மேடம். கிரிக்கெட் ஃபைனல். இன்னும் ரெண்டு ஓவர், இன்னும் ரெண்டு ஓவர்னு நின்னுட்டேன். வண்டிய எடுத்துக்கிட்டுப் போய்ச் சேர்றப்ப மணி ஆறு. துணியப் போத்தி வச்சிருந்தாங்க.” முகத்தை முழங்கையில் துடைத்துக்கொண்டான். “முப்பது வருசமா எங்காத்தாவ நிக்க வச்சு ஊர்ல உள்ளவன் பூரா நல்லாத் தூங்குறானா? குடுங்க அந்தப் படிவத்த.”

நிறைமதி எடுத்து நீட்டினாள். பேனாவைத் திறந்தவன் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“அழிச்சுட்டா அதோட போயிரும்ல?”

“ஆமா.”

“அப்ப ஒரே ஒரு தடவ பாத்துர்றேன். வந்துட்டேம்மான்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்து போட்டுத் தாரேன்.”

மறுவாரம் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு மதுரையில் ஓர் இடம் கிடைத்தது. அவன் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தான். முடிக்கு மை பூசியிருந்தான். காதோரம் அது சரியாகப் பிடிக்கவில்லை. படிவம் இருவருக்கும் நடுவில் மேசைமேல் கிடந்தது. முதல் தடவை சாப்பிடுகிறவர்களுக்குப் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பது விதி, அதனால் நிறைமதி உட்கார்ந்திருந்தாள். அவன் கண்ணோரம் நீர் வழிவதையும் உதடு அசைவதையும் பார்த்தாள். அவன் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது என்று மனசு வேண்டிக்கொண்டது. அப்படி வேண்டிக்கொண்டதற்காகத் தன்மீதே அவளுக்கு அருவருப்பு வந்தது.

நாற்பது நிமிடம் முடிந்தது. யுகன் பட்டையைத் தானே கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

“பாத்தீங்களா?”

“பாத்தேன். முன்னாடி இருந்த நாற்காலியில யாரும் வரல. அது கதவுகிட்டயேதான் நின்னுச்சு. அதே சேல. எங்காத்தாவ விட எனக்கு இப்ப வயசு கூட இருக்கும்போல மேடம்.”

“பேசினாங்களா?”

“நல்லாப் பேசுச்சு. வாங்க, உக்காருங்கன்னுச்சு.” அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. “வாங்கன்னுச்சு மேடம், என்னைய. பொழுதன்னிக்கும் வாடா போடான்னு வஞ்ச வாயி. பக்கத்துல போயி, நான் யுகன்னேன். அதுக்கு மொகமெல்லாம் சிரிப்பு. எம் மகன் பேரும் அதாங்க, நாலு மணிக்கு வந்துருவான், நீங்க சாப்ட்டீங்களான்னு கேக்குது.”

“நீங்க சொல்லிப் புரியவைக்கலையா?”

“சொன்னேன். எல்லாத்துக்கும் தலைய ஆட்டுச்சு. எனக்கு ஒண்ணு நல்லாத் தெரிஞ்சு போச்சு. நான் ஆருன்னு அதுக்குத் தெரியல. கேட்டா எனக்குச் சங்கடமா இருக்கும்னு கேக்காம நிக்குது. யாரோ சொந்தக்காரன்னு நெனச்சுக்கிச்சு.”

அடுத்த ஆள் வரப்போவதாக வெளியே மணி அடித்தது. யுகன் படிவத்தைக் கையில் எடுத்து, நான்காக மடித்து, நிறைமதி பக்கம் தள்ளினான். அதில் கையெழுத்து இல்லை. யாழி பிழைத்துவிட்டாள் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. கதவோரத்துப் பெண்ணின் நினைவு அதற்கப்புறம்தான் வந்தது.

வாசல் மேசையில் அவன் நின்றான். பதிவேட்டுப் பெண்ணிடம், “ஒவ்வொரு மாசமும் நாலு மணிக்கு எனக்கு ஒரு இடம் வேணும்மா,” என்றான். நிறைமதி பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினான். “பதினொரு மணிக்குப் போனா அதுக்கு எப்படி அடையாளம் தெரியும், சொல்லுங்க? சரியா நாலு மணிக்குப் போயி நின்னா ஒருவேள தெரியும்ல?”

பதிவேட்டுப் பெண் திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். “நாலு மணி எல்லாம் நிரந்தரக்காரங்க சார். ஒருத்தரும் விட மாட்டாங்க. யாராவது விட்டுக்குடுத்தாத்தான் உண்டு. விட்டவங்களுக்குத் திரும்ப இடம் கிடைக்க எட்டு மாசமாவது ஆகும்.”

யுகன் நிறைமதியைப் பார்த்தான்.

“உங்களுக்குத்தான் இங்க எல்லாரையும் தெரியுமே மேடம். யாராச்சும் விட்டுக்குடுப்பாங்களா?”

நிறைமதி தரையைப் பார்த்தாள். மடித்த படிவம் அவள் கைக்குள் வியர்த்திருந்தது.

“கேட்டுப் பாக்கறேன்,” என்றாள்.