பெயர் மட்டும் மாற்றப்பட்டது!

செவ்வாய்க்கிழமை காலை. மணி பத்து பத்து.

டெலிபோன் அலறியது!

ஈப்போ பழைய டவுனில் ஒரு காப்பிக் கடையின் மேல்மாடி அது. ஜிரான் சங்கத்தின், அதாவது அண்டைவீட்டார் சங்கத்தின், செயற்குழுக் கூட்டம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

தலைவி லாய் யின் ரிசீவரை எடுத்தார். வயது அறுபத்தாறு. ரிட்டையர்டு தலைமையாசிரியை. பிழைக்க வந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு மொழி கற்றுக் கொடுத்து, வேலை தேடிக் கொடுத்து, அவர்களை ஊரோடு ஊராகச் சேர்த்து வைக்கும் சங்கத்தைப் பதினொரு வருடமாக நடத்துகிறவர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

கொஞ்சமா? தலைக்கு மேல் உண்டு!

"ஜிரான் சங்கம்..."

"டீச்சரா?" ஆண் குரல். ரொம்பப் பணிவு. "நன்றி சொல்லத்தான் போன் பண்ணேன்."

"எதுக்கு?"

"நிலார் ஒளிஞ்சிருக்கிற எடம் கெடைச்சிடுச்சு. சவப்பெட்டிக் கடைக்கு மேல மாடி. பச்சைக் கதவு. ஜன்னல்ல ரெண்டு மிளகாய்த் தொட்டி. பக்கத்து ஸ்கூல் மணி அடிச்சா அவளுக்கு உசுரே வரும்... சரியா டீச்சர்?"

லாய் யின் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"யாரு பேசறது?"

"மத்தியானம் போய்ப் பார்த்துடறேன். வியாழக்கிழமை அவ கோர்ட்டுக்கு அலைய வேணாம் பாருங்க. பாவம், வெயில் வேற..."

டொக்!

லைன் செத்துப் போனது.

மேஜையைச் சுற்றி இன்னும் இரண்டு பேர். துணைத் தலைவர் ஹம்தான், ரிட்டையர்டு போலீஸ் சார்ஜன். கடைசி நாற்காலியில் துரா. மூன்று வருடத்துக்கு முன் பர்மாவிலிருந்து வந்து, இதே மாடியில் மொழி கற்று, இப்போது செயற்குழுவில் உட்கார்ந்திருப்பவன். பிழைக்க வந்தவர்களிலிருந்து குழுவுக்கு வந்த முதல் ஆள். இருந்தாலும் காப்பி ஊற்றுவது மட்டும் எப்போதும் அவன்தான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

"டீச்சர்! என்னாச்சு?" என்றார் ஹம்தான்.

"கோக் வா! அவனுக்கு நிலார் இருக்கிற எடம் தெரிஞ்சுடுச்சு!"

தவுக்கே கோக் வா. தவுக்கே என்றால் முதலாளி. கடற்கரையோரம் கருவாட்டுக் கொட்டகை வைத்திருந்தவன். பதினொரு பெண்களின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி டிராயரில் பூட்டி, இரண்டு வருடம் வெளியே விடாமல் மீன் அறுக்க வைத்தவன். அதில் ஒருத்திதான் நிலார். தப்பித்து வந்தவள். சாட்சி சொல்லத் துணிந்தவளும் அவள் ஒருத்திதான். வியாழக்கிழமை அவள் கூண்டில் ஏறினால் கோக் வா உள்ளே. ஏறாவிட்டால்... அவன் ஜாமீனில் திரிகிற மாதிரியே ஆயுசுக்கும் திரிவான்.

"அந்த எடம் ஒலகத்துலயே மூணு பேருக்குத்தான் தெரியும்." லாய் யின்னின் குரல் உயர்ந்தது. "எனக்கு. சார்ஜனுக்கு..."

பார்வை கடைசி நாற்காலிக்குப் போனது.

"எனக்கு," என்றான் துரா அமைதியாக.

"நான் சொல்லல. சார்ஜன் சொல்ற ஆள் இல்ல. அப்ப?"

"நானும் சொல்லல டீச்சர்."

"எவ்வளவு கொடுத்தான் அவன்?"

"டீச்சர்..."

"உங்க ஆளுங்களே இப்படித்தான்! எவ்வளவு செஞ்சாலும் இப்படித்தான்!"

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. சுவரில் அவரே எழுதி மாட்டிய பலகை தொங்கியது. 'இங்கே நாங்கள் இல்லை, நீங்கள் இல்லை. நாம் மட்டுமே!'

ஹம்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொண்டார்.

துரா இடுப்பிலிருந்து சங்கத்துச் சாவியைக் கழற்றி மேஜையில் வைத்தான். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் லாய் யின்னுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஒரே ஒரு போன் பண்ணிக்கட்டுமா டீச்சர்?"

"யாருக்கு? அவனுக்கா? கொண்டா அதை!"

முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளிடம் பிடுங்கிய பழக்கம்! கை தானாக நீண்டது. துராவின் போன் டிராயருக்குள் போனது. பூட்டினார். சாவியைக் கைப்பைக்குள் போட்டார்.

"சார்ஜன்! வாங்க! அவனுக்கு முன்னாடி நாம போயாகணும்!"

சங்கத்து வாசலில் நின்ற வெள்ளை பிக்கப்பை உரசாத குறையாகக் கார் பறந்தது.

லாய் யின் சிவப்பு விளக்கை மதிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை!

பக்கத்து சீட்டில் ஹம்தான் போனில் பேசிவிட்டு நெற்றியைச் சொறிந்தார்.

"ஸ்டேஷன்ல என்ன சொன்னாங்க?"

"'சரி சார், பாத்துக்கறோம்'னு சொல்லி வச்சுட்டாங்க. எங்க காலத்துல பத்து கேள்வி கேட்டுத்தான் வைப்போம்."

"எல்லாமே கெட்டுப் போச்சு!"

"டீச்சர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"கோக் வாவும் இப்படித்தான்... வாங்கி டிராயர்ல போட்டுப் பூட்டினான்."

லாய் யின்னுக்குச் சுரீர் என்றது. கியரை மாற்றினார்.

"சரி, அதை விடுங்க," என்றார் ஹம்தான். "போன்ல அவன் என்ன சொன்னான்? ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க."

சொன்னார்.

"தெருப் பேரு சொன்னானா?"

"இல்ல."

"கடைப் பேரு?"

"இல்ல..."

"பச்சைக் கதவு. மிளகாய்த் தொட்டி. ஸ்கூல் மணி அடிச்சா உசுரு வரும். இதை நான் எங்கயோ கேட்டிருக்கேனே..." ஹம்தான் கண்ணை மூடினார். திறந்தார். "டீச்சர்... சனிக்கிழமை!"

"சனிக்கிழமை என்ன?"

"நம்ம வருஷாந்தர விருந்து. ஐம்பது மேஜை. மேடை. மைக்கு. நீங்க!"

லாய் யின்னின் கால் பிரேக்கை அழுத்தியது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரன் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் போனான்.

ஒவ்வொரு வருடமும் விருந்தில் ஒரு கதை சொல்வது சங்கத்து வழக்கம். கரை சேர்ந்த ஒருத்தரின் கதை. கேட்டவர்கள் மூக்கைச் சிந்த வேண்டும், அப்போதுதான் கூட்டம் வெற்றி. இந்த வருடம் லாய் யின் பிரமாதமாகச் சொன்னார். மூன்றாவது மேஜையில் டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதரின் மனைவி கைக்குட்டை போதாமல் மேஜைத் துணியை எடுத்தாள்.

"நான்... நான் பேரை மாத்தித்தானே சொன்னேன்!" ஸ்டியரிங்கைத் தட்டினார். "அதான் நம்ம சட்டமே! 'சூசூ'ன்னுதானே சொன்னேன்! நிலார்னு ஒரு தடவையாவது சொன்னேனா?"

"பேரை மாத்தினீங்க டீச்சர்," என்றார் ஹம்தான். "கதவை மாத்தலையே."

லாய் யின்னுக்கு முகமெல்லாம் பற்றி எரிந்தது. பேரை மாற்ற வேண்டும் என்று சட்டம் எழுதியதே அவர்தான். எழுதி, குழுவுக்குப் படித்துக் காட்டி, கைதட்டலும் வாங்கியவர். கொஞ்ச நேரத்துக்கு முன் ஒரு நல்ல பையனைத் துரோகி என்றவரும் அவர்தான். யார் சொன்னது என்று ஊரெல்லாம் தேடி, சொன்ன வாயை மட்டும் தன் முகத்திலேயே வைத்துக் கொண்டிருந்தார். செத்துப் போகலாம் போல வெட்கமாக இருந்தது.

ஆனால் அதற்கு இப்போது நேரமில்லை!

சவப்பெட்டிக் கடை வந்துவிட்டது. கதவைத் திறந்தபடியே காரிலிருந்து குதித்தார். குதிகால் செருப்போடு அறுபத்தாறு வயதுக் கால்கள் படிகளில் தடதடத்தன.

ஹம்தான் இன்னும் சீட்டிலேயே இருந்தார். யோசித்துக் கொண்டிருந்தார்.

தெருப் பேர் தெரியாதவன்... எதுக்குப் போன் பண்ணான்? நன்றி சொல்லவா?

கண்ணாடியில் பார்த்தார். வெள்ளை பிக்கப் ஒன்று மெதுவாக வந்து பின்னால் நின்றது. சங்கத்து வாசலில் பார்த்த அதே பிக்கப்!

"டீச்சர்! வேணாம்! மேல போகாதீங்க!"

டீச்சர் எப்போதோ மேலே போய்விட்டார். ஹம்தான் தட்டுத் தடுமாறி இறங்குவதற்குள் பிக்கப்காரனும் படியேறிவிட்டான்.

பச்சைக் கதவு. தட்டினார். அடித்தார். இடித்தார்.

"நிலார்! கதவைத் தொறம்மா! நான்தான்!"

பதில் இல்லை.

படியில் காலடிச் சத்தம். அவசரமே இல்லாமல் ஏறி வந்தது.

"ரொம்ப நன்றி டீச்சர்."

அதே பணிவு. அதே குரல். கோக் வா நின்றான். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று. தாளுக்கு வெளியே மீன் கத்தியின் முனை தெரிந்தது.

"இந்த ஊர்ல சவப்பெட்டிக் கடை இத்தனை இருக்கும்னு நெனைக்கல. மூணு நாளாச் சுத்தறேன். பாதிக் கதவு பச்சைதான். டயர் தேஞ்சு போச்சு. அப்புறம்தான் தோணுச்சு... தெரிஞ்சவங்க இருக்கும்போது நாம ஏன் தேடணும்? நீங்களே கூட்டிட்டு வந்துட்டீங்க!"

ஒரு தடவை சொன்னது போதாதென்று இரண்டாவது தடவையும் காட்டிக் கொடுத்தாகிவிட்டது. இந்த முறை கையைப் பிடித்து வாசல் வரைக்கும்!

லாய் யின் கதவுக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"என்னைக் கொன்னுட்டு உள்ள போ!"

"நீங்க நல்லவங்க டீச்சர். உங்களை மாதிரி நாலு பேர் இருந்தாத்தான் எங்களை மாதிரி ஆளுங்க பிழைக்க முடியும். நகருங்க."

தள்ளினான். லாய் யின் சுவரில் மோதிச் சரிந்தார். கோக் வா கதவை எட்டி உதைத்தான்.

உள்ளிருந்து யாரோ அப்போதுதான் சத்தமில்லாமல் தாழ்ப்பாளை எடுத்திருந்தார்கள்! உதைத்த வேகத்தில் அவனே உள்ளே போய் விழுந்தான்.

ஜன்னலோரம், மிளகாய்த் தொட்டிகளுக்குப் பக்கத்தில், தலையில் துணி கட்டிய ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

திரும்பினாள்.

நிலார் இல்லை. கையில் துப்பாக்கி இருந்தது.

"வாங்க தவுக்கே," என்றாள் இன்ஸ்பெக்டர் சுரைனி. "சாப்பிட்டாச்சா?"

கதவுக்குப் பின்னாலிருந்து இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்தார்கள். விலங்கு மாட்டினார்கள்.

லாய் யின் தரையிலிருந்தே கேட்டார். "நிலார்... நிலார் எங்க?"

"பத்திரமா இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையிலயே எங்க ஸ்டேஷனுக்கு வந்துடுச்சு. கூட்டிட்டு வந்தது உங்க துரா."

"துராவா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொல்லட்டுமான்னு கேட்டான். டீச்சர் மனசு கஷ்டப்படுமேன்னான். டீச்சர் வாயில எதுவும் நிக்காதுன்னு நிலார்தான் வேணவே வேணாம்னுச்சு." இன்ஸ்பெக்டர் போனைப் பார்த்தாள். "அரை மணி நேரமாக் கூப்பிடறேன், எடுக்க மாட்டேங்கிறான். போன் எங்க வச்சான்னு தெரியல."

லாய் யின்னுக்குத் தெரியும். சாவி கைப்பையில் கனத்தது.

மத்தியானம். போலீஸ் ஸ்டேஷனின் பின் அறை. துரா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். லாய் யின் போனையும் சங்கத்துச் சாவியையும் இரண்டு கையாலும் நீட்டினார்.

"துரா... நான் உன்னை... உங்க ஆளுங்கன்னு..." மறுபடி ஆரம்பித்தார். "என்னை மன்னிச்சிடுப்பா. எனக்கு உன் மூஞ்சியைப் பார்க்கவே வெட்கமா இருக்கு."

துரா வாங்கிக் கொண்டான். உடனே பரவாயில்லை என்று சொல்லவில்லை. அதையும் லாய் யின் வாங்கிக் கொண்டார்.

"வலிச்சுது டீச்சர்," என்றான் கடைசியில். "ஆனா நீங்க கதவை மறிச்சு நின்னீங்களாமே. சார்ஜன் சொன்னாரு."

உள் கதவு திறந்தது. நிலார் வந்தாள். குள்ளமான, சிரித்த முகம். விரல்களில் மீன் முள் கீறிய தழும்புகள்.

"உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?" என்றார் லாய் யின். "கோக் வா உன்னைத் தேடறான்னு?"

"விருந்துலதான். ஏழாவது மேஜையில அவன் மச்சினன் உக்காந்திருந்தான். நீங்க பச்சைக் கதவுன்னு சொன்னதும் போன்ல எழுதிக்கிட்டான்."

"நீ விருந்துக்கு வந்திருந்தியா?"

"பரிமாற ஆள் கொறையுதுன்னாங்க. வருஷா வருஷம் எங்க ஆளுங்கதானே பரிமாறறோம்! தொப்பி, முகமூடி போட்டிருந்தேன். அவனுக்கு அடையாளம் தெரியல."

"ஐயோ... என் கதையையும் கேட்டியா?"

"தட்டோட தூண் பக்கத்துல நின்னு முழுசும் கேட்டேன். உங்களுக்கே ரெண்டு தடவை நூடுல்ஸ் வச்சேன் டீச்சர். நீங்க நிமிர்ந்து பார்க்கல."

லாய் யின் தலை குனிந்தார். அன்றைக்கு மேடையில் சொன்னது ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தது. எதிரில் நிற்பவளைப் பற்றி ஐம்பது மேஜைக்கு அழுகை வரும்படி பேசிவிட்டு, அவள் கையால் வைத்ததைச் சாப்பிட்டிருக்கிறார்.

"அதுல ஒரு எடம் மட்டும் புரியல," என்றாள் நிலார். "அந்த சூசூ உங்க காலைப் பிடிச்சுக் கதறி அழுதாளாமே? நான் எப்ப அழுதேன்? பூட்டை உடைச்சுக்கிட்டு, அவன் சைக்கிளையும் எடுத்துக்கிட்டில்ல வந்தேன்!"

"தப்புதான். எல்லாமே தப்புதான்." லாய் யின் கண்ணைத் துடைத்துக் கொண்டார். "நான் இன்னிக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துடறேன்."

"அய்யய்யோ! ஓடிடலாம்னு பார்க்கறீங்களா? அதெல்லாம் முடியாது."

"அப்ப நான் என்னதான் செய்யணும், சொல்லு? என்ன சொன்னாலும் செய்யறேன்."

நிலார் துராவைப் பார்த்தாள். துரா முதல் முறையாகச் சிரித்தான்.

"அடுத்த வருஷம் மேடையில நான் பேசறேன். நீங்க பரிமாறுங்க," என்றாள் நிலார். "ஐம்பது மேஜை டீச்சர்... இந்தக் குதிகால் செருப்போட வந்துடாதீங்க!"