சற்குணத்துக்கு எந்த வட்டாளி?

காலை பத்து மணிக்குள் பிரமிளா அதே கேள்வியை மூன்று குடும்பங்களிடம் கேட்டுவிட்டாள். "உங்க விருந்தினருக்கு இப்ப எந்த வட்டாளி ஓடுது? பாவனையா, நேரா?" தூத்துக்குடி மெய்நிகர் இல்லத்தில் அவளுக்கு அதுதான் வேலை. இறந்துபோனவர்களின் மனம் அங்கே ஆளுக்கொரு மெய்நிகர் இயந்திரத்தில், அதாவது கணினிக்குள் ஒரு பொய்க் கணினியில், ஓடிக்கொண்டிருந்தது. அவர்களை விருந்தினர் என்று சொல்வதுதான் மரியாதை. வட்டில் இருக்கும் நினைவுகளை மனதுக்கு எடுத்துக் கொடுப்பது வட்டாளி, அதாவது டிஸ்க் கன்ட்ரோலர்.

பாவனை வட்டாளி கைதேர்ந்த பொய்க்காரன். பழைய காலத்துச் சாமான் போல நடித்து, தான் இன்னும் உடம்போடு இருப்பதாகவே விருந்தினரை நம்ப வைத்துவிடும். ஆனால் ஆமை வேகம். வெளியே ஒரு வாரம் போனால் உள்ளே ஒரு நாள். நேர் வட்டாளியில் அந்தத் தாமதம் கிடையாது. நம் பொழுதும் அவர்கள் பொழுதும் ஒன்றாகிவிடும். ஒரே சிக்கல்: அதை மனதோடு இணைக்கும் டிரைவர் என்ற மென்பொருள், இருப்பது மெய்நிகர் இயந்திரத்தில் என்று தெரிந்துகொண்ட மனதில்தான் உட்காரும்.

"சொல்லாம மாத்திராதீங்க. முதல்ல உண்மையச் சொல்லுங்க, டிரைவர் உட்காரட்டும், அப்புறம் மாத்தலாம்" என்று எல்லோரிடமும் வாய் கிழியச் சொல்வாள். போன மாதம் ஒரு தலைமையாசிரியரின் பிள்ளைகள் அப்பாவிடம் மறைத்தே மாற்றச் சொன்னார்கள். அவருடைய நினைவுகள் பத்திரமாக இருந்தன. எடுத்துக் கொடுக்கத்தான் ஆளில்லை. அவர் எழுந்திருக்கவே இல்லை.

"அக்கா, பட்டியல்ல இன்னும் ஒரு பேருதான் பாக்கி" என்றாள் பக்கத்து மேசை ஜெசிந்தா. யார் பெயர் என்று சொல்லவில்லை. நல்ல பெண். பாவனை வட்டாளிகளை இன்றோடு நிறுத்துகிறார்கள். பாக்கி இருந்தது சற்குணம், பிரமிளாவின் கணவன்.

அவள் பேசும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாரம் ஒருமுறை அவள் அழைப்பது அவனுக்குத் தினம் ஒருமுறை.

"ஏ பிள்ள, சாப்ட்டியா? இந்த மாசமும் மேனேஜரு லீவு தர மாட்டேங்காரு. கல்நெஞ்சுக்காரன்."

கடல் காற்றாலை மேடையில் பதினைந்து மாதமாக வேலை பார்ப்பதாக அவன் நம்பிக்கொண்டிருந்தான். அந்த மேனேஜரை உருவாக்கியதே பிரமிளாதான்.

"என்னங்க, கொஞ்சம் உக்காருங்க. மேனேஜரு மேல தப்பில்ல. நாந்தான் உங்கள வர விடல."

"என்ன சொல்லுத?"

"அன்னைக்கு மேடையில ஏணி சரிஞ்சுதுல்லா, அதுல நீங்க பிழைக்கலங்க. ஒம்பது வருஷம் ஆச்சு. நீங்க எங்க இல்லத்துலதான் இருக்கீங்க. விருந்தினரா."

பதில் தாமதமாவது வட்டாலா, அவனாலா என்று இத்தனை வருட அனுபவத்துக்கும் பிடிபடவில்லை.

"தினமும் பெட்டியக் கட்டி வச்சு அவுத்திருக்கேன், தெரியுமா?" என்றான் கடைசியில். "என்கிட்ட சொல்லணும்னு ஒனக்குத் தோணலையா?"

"ஒவ்வொரு தடவையும் தோணிச்சு. சொன்னா அதோட போயிருவீங்களோன்னு பயம். மன்னிச்சிருங்க." அவள் வாய்விட்டு அழுதாள். அழுதபடியே இன்றைய கெடுவையும் புது வட்டாளியையும் சொல்லி முடித்தாள்.

"போடு" என்றான். பிறகு, "அப்ப ஒம்பது வருஷமா வீட்ல ஒங்கூட யாரு இருக்கா?"

"யாருமில்ல."

"சாப்பாடு?"

"சமைப்பேன். நின்னுகிட்டே ரெண்டு வாய் சாப்ட்ருவேன்."

"நின்னுகிட்டா?"

தன் சாவைக் கேட்டபோது உடையாத குரல் அங்கே உடைந்தது.

டிரைவர் உட்கார்ந்துவிட்டதாகத் திரை காட்டியது. பிரமிளா அவனை நிறுத்தினாள், பாவனை என்ற இடத்தில் நேர் என்று மாற்றினாள், மறுபடி இயக்கினாள். தினமும் பத்துப் பேருக்குச் செய்யும் வேலைதான். ஆனாலும் அந்த ஒரு நிமிடம் திரை கறுப்பாகக் கிடந்தபோது, செய்த வரிசை சரிதானா என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். தலைமையாசிரியரின் திரையும் இப்படித்தான் கறுப்பாகக் கிடந்தது.

"பிரமிளா."

"இருக்கேங்க."

"மதியத்துக்கு என்ன கொண்டு வந்திருக்க?"

முன்பெல்லாம் ஒவ்வொரு பதிலுக்கும் காத்திருந்து பழகியவள், அவன் உடனுக்குடன் கேட்டதில் திணறிப்போனாள்.

"தயிர்ச்சோறு. நாரத்தங்கா."

"எடுத்துட்டு வா. ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காரு. நான் ஃபோன வைக்க மாட்டேன்."

அவள் டப்பாவை எடுத்துவந்து உட்கார்ந்து திறந்தாள். முதல் கவளத்தை அவசரமாக அள்ளிப் போட்டாள். "மெதுவா" என்றான் அவன். சோறு தீரும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.