மூன்று வாத்துக் கடையில் செத்த நுரை

"பிராக்ல போய்க் குடிக்கத் தகுந்த பழைய பீர்க்கடை மொத்தமே நாலுதான். மத்ததெல்லாம் கூரை போட்ட பஸ் ஸ்டாப்பு" என்றான் ராடிம். பத்திரிகையில் பீர்க்கடைகளைப் பற்றி எழுதுகிறவன், சிரிக்காமல் பேசுவான். "காதுமூடி, கம்பளி உள்பனியன், உதட்டுக் களிம்பு, இதுல எதையாவது தொட்ட ஆம்பளை அந்த நாலு வாசலையும் தாண்டினதில்ல. தாண்டுற அன்னிக்கு நம்ம நாகரிகம் முடிஞ்சுது."

துப்பறிவாளர் ஓத்மர் தன் அறையில் அவன் எதிரே ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

கதவைத் தட்டி உள்ளே வந்தவள் ஹெட்விகா. 'மூன்று வாத்து' கடையில் பீர்க்குழாய் அவள் பொறுப்பு. கோட்டுக்குக் கீழே ஏப்ரன் தெரிந்தது.

"ஐயா, என் பீர்ல நுரை நிக்க மாட்டேங்குது. எல்லா மேசையிலயும் இல்ல, தினம் வர்ற வாடிக்கைக்காரங்க மூணு பேரு மேசையில மட்டும். வாய் வச்ச கொஞ்ச நேரத்துல செத்துடுது. எனக்குக் கை போயிடுச்சுன்னு முதலாளிகிட்டச் சொல்லிட்டாங்க. திங்கக்கிழமையிலேர்ந்து சமையக்கட்டுல உருளைக்கிழங்கு உரிக்கணுமாம்."

"எத்தனை நாளாக் குளிர் இப்படி இருக்கு?" என்று கேட்டார் ஓத்மர்.

"இந்த வாரம்தான். ஏன் ஐயா?"

"சும்மாத்தான்."

ராடிம் முகம் வெளிறியது. மூன்று வாத்து அவனுடைய நான்கில் ஒன்று.

வாடிக்கைக்காரர்கள் மூவர்: டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற பெஷெக், பூட்டுக்கார குட்டில், மணிக்கூண்டைப் பராமரிக்கும் ஸ்வாட்டோஷ். அன்று மாலை ஓத்மரும் ராடிமும் கடையில் உட்கார்ந்து கவனிக்க, மூவரும் வந்ததும் கோட்டுகளைச் சுவர் ஆணியில் மாட்டினார்கள். உட்கார்ந்த பிறகு ஒவ்வொருவராகக் கைக்குட்டை எடுக்க அங்கே போய் வந்தார்கள். கைக்குட்டையை மட்டும் யார் கையிலும் காணோம்.

ராடிம் மேசைக்கடியில் புகுந்தான், குழாயை முகர்ந்தான். "சோப்பு, அண்ணே. கோப்பையில சோப்பு."

"அடுத்த மேசைக்கும் அதே கோப்பைதான்" என்றார் ஓத்மர்.

அடுத்த மேசையில் பாலம் பழுதுபார்க்கும் கொத்தனார்கள். உதடெல்லாம் பனியில் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. அவர்கள் கோப்பைகளில் நுரை வளையம் வளையமாக ஒட்டி நின்றது. வினிகரில் ஊறிய சாஸேஜ் தட்டை ஹெட்விகா நீட்டியபோது, "வேணாம் அக்கா, உதடு எரியும்" என்று தள்ளிவிட்டார்கள்.

வாடிக்கைக்காரர்கள் அதே தட்டை வாங்கி வினிகர் சொட்டச் சொட்டத் தின்றார்கள். ராடிமும் ஒரு கடி கடித்து, தன் பீரில் ஒரு வாய் குடித்துவிட்டு, கண்ணில் நீர் முட்ட, மிகுந்த கண்ணியத்துடன் சன்னல் பக்கம் பார்த்தான்.

ஓத்மர் புதிதாக இரண்டு கோப்பை பீர் கொண்டுவரச் சொன்னார். ஒன்றை யாரும் தொடக்கூடாது என்று நடுவில் வைத்தார். மற்றதைப் பெஷெக் பக்கம் தள்ளினார். பெஷெக் ஒரு வாய் குடித்தார். சற்று நேரத்தில் அவருடைய நுரை கந்தலாகி மறைந்தது. நடுவில் இருந்தது மகுடம் மாதிரி நின்றது.

"பாத்தீங்களா, அவளுக்குக் கை போயிடுச்சு" என்றார் பெஷெக்.

"ரெண்டையும் ஊத்துனது அதே கைதான். உங்க வாய் படாதது நிக்குது. நுரைக்கு எமன் கொழுப்பு. அப்ப அது உங்க வாய்லதான் இருக்கு."

"சாஸேஜ் கொழுப்பா இருக்கும்" என்றார் குட்டில்.

"ராடிமும் அதையேதான் தின்னான். அவன் நுரையப் பாருங்க, கல்லு மாதிரி நிக்குது. ஊர்ல எல்லார் உதடும் வெடிச்சுக் கிடக்கு, வினிகர் பட்டாத் துள்ளுறாங்க. உங்க மூணு பேருக்கு மட்டும் உதடு குழந்தை உதடு மாதிரி இருக்கு. ஒருத்தருக்குன்னா வரம்னு விட்டுடலாம்."

கொத்தனார்கள் திரும்பினார்கள்.

"பொஞ்சாதி வாங்கிக் குடுத்தா" என்றார் ஸ்வாட்டோஷ், மேசையிடம். "நான் கேக்கல."

அவர் ஆணிப் பக்கம் போய்ச் சின்ன டப்பி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். உதட்டுக்குப் பூசும் தேன்மெழுகுக் களிம்பு. குட்டில் அதைப் பார்த்தார். போய்த் தன்னுடையதைக் கொண்டுவந்தார். அதே டப்பி. கடைசியாகப் பெஷெக்.

"அடப்பாவி, நீயுமா?" என்றார் குட்டில். "முந்தாநாளு என்னைப் பொம்பளைன்னியே."

"உன் உதடு அழகா இருந்துச்சு, அதான் சொன்னேன்."

மூவரும் துண்டுக் காகிதத்தால் வாயை அழுந்தத் துடைத்தார்கள். ஹெட்விகா புதுக் கோப்பைகள் ஊற்றினாள். குடித்தார்கள். நுரை நின்றது. பெஷெக் எழுந்து போய் முதலாளியிடம் தாழ்ந்த குரலில் பேசினார். திரும்பி வந்தவர், "திங்கக்கிழமை குழாய்ப் பக்கம் நீதான் நிக்கிற, ஹெட்விகா" என்றார். "முதலாளி உருளைக்கிழங்கைத் தானே உரிச்சுக்குவாரு."

அவள் அவருக்கு இன்னொன்று ஊற்றினாள். நுரை விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்த்தது.

கிளம்பும்போது ஓத்மர் வாசலில் நின்று கையுறை மாட்டினார். ராடிமைக் காணோம். திரும்பிப் பார்த்தார். மேசையில் டப்பிகள் இரண்டுதான் இருந்தன. கோட்டுகள் தொங்கிய மூலையில் ராடிம் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, மோதிர விரலால் கீழுதட்டை மெல்லத் தடவிக்கொண்டிருந்தான்.