ஓடாத ஆற்றில் ஆடிப்பெருக்கு

தலைநகரை டில்லிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று கல்கத்தாவே புலம்பிக்கொண்டிருந்த வருஷம், நாங்கள் பவானிபூரை விட்டு, சாந்த்ராகாச்சிக்கு அப்பால் இருந்த ஒரு பழைய பங்களாவுக்குக் குடிபோனோம். என் கணவர் ராகவேந்திரன் எஞ்சினியர். கங்கையின் கிளையான ஹூக்ளியில் போய்ச் சேரும் சிற்றாறு ஒன்றின் குறுக்கே புதிதாகக் கட்டியிருந்த அணை அவர் பொறுப்பு. பங்களா வாசலில் நின்றால் அணையின் கதவுகளை ஏற்றி இறக்கும் இரும்புச் சக்கரங்கள் தெரியும். எனக்கு அப்போது ஆறாம் மாதம்.

வீட்டில் வேறு குறை இல்லை, வாடைதான். எந்த ஜன்னலைத் திறந்தாலும் பாசியும் அழுகிய மீனுமாக ஒரு நாற்றம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். மழைக்காலத்தில் அப்படித்தான் இருக்கும் என்றார். அவர் சொன்னதை நம்பாமல் இருக்க எனக்கு அப்போது தெரியாது.

ஆடிப் பதினெட்டு வந்தது. கங்கையில் கலக்கிற ஆறு வாசலிலேயே இருக்கும்போது விட்டுவிடுவேனா? மசக்கைக்காரிக்கு ஆக்கிப் போடுவது மாதிரி ஆற்றுக்குச் சித்ரான்னம் செய்தேன். தண்ணீர் ஓடுகிறதா என்று மட்டும் அவரிடம் கேட்டேன். கதவெல்லாம் தூக்கித்தான் இருக்கிறது என்றார், தலைகூட நிமிரவில்லை.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த நிஸ்தாரிணி மீன் பிடிப்பவன் மனைவி. சாயங்காலம் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்தவள், படித்துறைக்கு முன்னாலேயே நின்றுவிட்டாள்.

இந்த மாதத்தில்தான் இலிஷ் மீன் கடலிலிருந்து முட்டை வயிறோடு ஆறு ஏறுமாம். மழை ஓயும்வரை கதவை இறக்கமாட்டேன் என்று எஞ்சினியர் பாபு மீன்காரர்களுக்கு வாக்குக் கொடுத்தாராம். இறக்கி ஒரு வாரத்துக்கு மேலாகிறதாம். என்னை அண்ணி முறை வைத்து 'பௌதி' என்றுதான் கூப்பிடுவாள்; வங்காளியில் மெதுவாகத்தான் சொன்னாள்.

"உன் வயித்துப் பிள்ளை மேல சத்தியம் பண்ணினார், பௌதி."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. என் பிள்ளையை இவள் எதற்கு இழுக்கிறாள்? தாம்பாளத்தைப் பிடுங்கிக்கொண்டு நானே இறங்கினேன்.

தண்ணீர் அசையவில்லை.

நான் விட்ட பூவும் மஞ்சளும் விட்ட இடத்திலேயே நின்றன. அணைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் ஒரு சத்தம் வந்தது, இரும்பில் ஈரத்துணியை அடிப்பதுபோல. சளப். நின்றது. மறுபடியும் சளப்.

போய்த்தொலையட்டும் என்று பூவைக் கையால் தள்ளினேன்.

தண்ணீருக்குள் ஒரு கை என் கையைப் பிடித்தது.

இழுக்கவில்லை. இடுப்பு வலி கண்டவள் பக்கத்தில் இருப்பவளைப் பிடிப்பாளே, அந்தப் பிடி. சில்லென்று, விட்டு விட்டு இறுகியது.

பிறகு விட்டது.

அந்த நிமிஷமே என் வயிற்றுக்குள் அசைவு நின்றுபோனது.

நிஸ்தாரிணிதான் என்னை அணைத்துப் பிடித்து வீடு சேர்த்தாள். அவரிடம் கதவைப் பற்றிக் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரோ ஆலைக்காரத் துரைக்குத் தண்ணீர் தேக்கி வைக்க வேண்டியிருந்ததாம்.

"என் குழந்தை மேல சத்தியம் பண்ணினேளா?"

"பெங்காலியில சொன்னதுதானே, காமு. அவாளை அனுப்பி வைக்கணுமேன்னு ஏதோ சொன்னேன். அதெல்லாம் பலிக்குமா?"

பாவி மனுஷன்! நம் பாஷையில் சொன்னால்தான் தெய்வத்துக்குக் காது கேட்குமா? நாலு வருஷமாக இவர் பேச்சை நம்பிக் குடித்தனம் நடத்தினேனே என்று வயிறு எரிந்தது.

"பிள்ளை பிழைக்கணும்னா போய்த் திறங்கோ," என்றேன்.

போனார். சக்கரம் முனகுவது வீடு வரை கேட்டது. ஹூக்ளியில் அப்போது கடல் ஏற்றம். வெள்ளம் உள்ளே பாய்ந்தது. முட்டை வயிறோடு செத்துப்போன மீன்கள் கும்பல் கும்பலாக எங்கள் படித்துறை வரைக்கும் வந்து ஒதுங்கின. விடிவதற்குள் குழந்தை அசைந்தது. நான் வாய்விட்டு அழுதேன்.

அந்த வாரமே பவானிபூருக்குத் திரும்பிவிட்டோம். கார்த்திகையில் பையன் பிறந்தான். கொழுகொழுவென்று இருக்கிறான். யார் கை நீட்டினாலும் சிரித்துக்கொண்டே தாவுகிறான்.

அவன் அப்பா தூக்கினால் மட்டும் சிரிப்பு நின்றுவிடுகிறது. கடைவாயிலிருந்து சேற்றுத் தண்ணீர் வழிகிறது. துடைக்கத் துடைக்க வழிகிறது.

நான் வாங்கிக்கொண்டால் நின்றுவிடும். அவரும் இப்போதெல்லாம் கை நீட்டுவதில்லை.